ரத்தான சான்றிதழைத் தடுக்க ஓசிஎஸ்பி ஃபங்ஷன் எழுதிய பதிவு

ஒருவழியாக வேலை செய்கிறது. சான்றிதழ் என்பது ஒரு சர்வர் தான் யார் என்று நிரூபிக்கும் டிஜிட்டல் அட்டை, ஓசிஎஸ்பி என்பது அது ரத்தாகியிருக்கிறதா என்று வழங்கிய நிறுவனத்தின் சர்வரிடம் கேட்கும் முறை. ரத்து செய்யப்பட்ட சான்றிதழோடு எதிர்முனை சர்வர் வந்து நின்றால், எங்கள் நிரல் இப்போது ஒரு கோப்பைக்கூட அனுப்பாமல் இணைப்பை அறுக்கிறது. எப்போது ரத்தானது, என்ன காரணம் என்று லாகிலும் எழுதிவைக்கிறது. சி மொழியில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தை வைத்து இதே வேலையைச் செய்யப்போகிறவர்கள் எங்கெங்கே இடறுவார்கள் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும், அது மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன்.

இடம் மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் சுங்க கிளியரிங் வேலை பார்க்கும் ஒரு சின்ன அலுவலகம். சரக்குப் பட்டியல், இன்வாய்ஸ் என்று எல்லாக் காகிதமும் டர்பன், மும்பை, ரீயூனியன் பக்கம் இருக்கும் கூட்டாளிகளின் சர்வர்களுக்கு டிஎல்எஸ் என்ற குறியாக்க இணைப்பு வழியாகப் போகும். அனுப்பும் நிரல் நான் எழுதியது, ஓடுவது ராஸ்ப்பெரி பை 4 என்ற ஒரு கையடக்கக் கணினியில் (இனி 'பை'), மேலே டெபியன் 12, அதோடு வரும் ஓபன்எஸ்எஸ்எல் 3.0. கூட்டாளிகளில் ஒருவருடைய பிரைவேட் கீ (சான்றிதழ் தன்னுடையது என்று நிரூபிக்கும் ரகசியச் சாவி) வெளியே போய்விட்டது. அவர்கள் சான்றிதழை ரத்து செய்து புதியது வாங்கிவிட்டார்கள், அதில் குறையில்லை. ஆனால் அலுவலகத்தை நடத்துகிற மாமா (சொந்தம் இல்லை, ரோஸ் ஹில் கோவில் பழக்கம்) நேராகக் கேட்டார்: "பழைய சான்றிதழை எவனாவது எடுத்து வைத்துக்கொண்டு, நான்தான் அவர்கள் என்று வந்து நின்றால் நம்ம பெட்டி என்ன செய்யும் தம்பி?"

கூட்டாளிகளே ஒரு சோதனை சர்வரில் அந்தப் பழைய சான்றிதழை ஏற்றித் தந்தார்கள். எங்கள் நிரல் தயங்காமல் இணைந்து சோதனைக் கோப்பை அனுப்பிவிட்டது. காரணம் எளிது. ஓபன்எஸ்எஸ்எல் தானாகப் பார்ப்பது கையொப்பச் சங்கிலியையும் காலாவதியையும்தான், பெயர் பொருந்துகிறதா என்பதைக்கூட நாம் கேட்டால்தான் பார்க்கும். ரத்தாகியிருக்கிறதா என்று அது யாரிடமும் போய் விசாரிக்காது. அந்த விசாரிப்பை நாமே எழுத வேண்டும்.

முதலில் நிரலைத் தொடவில்லை, கட்டளை வரியில் ஓபன்எஸ்எஸ்எல் தரும் ஓசிஎஸ்பி கருவியை வைத்தே கேட்டுப் பார்த்தேன். இதற்குத் தேவை மூன்று: சோதிக்க வேண்டிய சான்றிதழ், அதை வழங்கியவரின் சான்றிதழ், கேள்வி அனுப்ப வேண்டிய முகவரி. முகவரி சான்றிதழுக்குள்ளேயே இருக்கும். வழங்கியவர் என்றதும் சங்கிலியின் உச்சியில் இருக்கும் ரூட் சான்றிதழைக் கொடுத்தேன், 'அன்ஆத்தரைஸ்ட்' என்று பதில் வந்தது, எண் 6. பெயரைப் பார்த்தால் ஏதோ லாகின் கேட்கிறது என்று தோன்றும், அந்த வழியில் கொஞ்ச நேரம் போனது. உண்மையில் அதற்கு அர்த்தம், நீ கேட்கும் சான்றிதழைப் பற்றிப் பதில் சொல்ல என்னால் முடியாது என்பதுதான். கேள்வியில் போவது முழுச் சான்றிதழ் இல்லை: வழங்கியவர் பெயரின் ஹேஷ் (தரவைச் சுருக்கி எடுக்கும் கைரேகை போன்ற எண்), வழங்கியவர் பப்ளிக் கீயின் ஹேஷ், சான்றிதழின் வரிசை எண், இவ்வளவுதான். வழங்கியவர் இடத்தில் நேர் மேலே இருக்கும் இன்டர்மீடியட் சான்றிதழைத்தான் வைக்க வேண்டும். ரூட்டை வைத்தால் பப்ளிக் கீயின் ஹேஷ் வேறாகிவிடும், அந்தப் பக்கம் இப்படி ஒன்று இல்லை என்று கைவிரித்துவிடும். இன்டர்மீடியட்டை வைத்ததும் 'ரிவோக்ட்' என்று அழகாக வந்தது.

ஹேஷ் விஷயத்தில் இன்னொன்று. எஸ்ஹெச்ஏ-1 என்ற ஹேஷ் முறை பழையது என்று நினைத்து எஸ்ஹெச்ஏ-256 மாற்றிக் கேட்டேன், ஒரு சர்வர் மறுபடி 6 என்றது. இங்கே ஹேஷ் அடையாளம் காட்டத்தான், பாதுகாப்பு பதிலின் கையொப்பத்தில் இருக்கிறது. 2007-ல் வந்த ஆர்எஃப்சி 5019 என்ற இணையத் தர ஆவணம் வகுத்த இலகு வடிவமே எஸ்ஹெச்ஏ-1 என்றுதான் சொல்கிறது. அதையே வைத்துவிட்டேன்.

சரி, இனி நிரல். சான்றிதழிலிருந்து முகவரியை எடுக்க 'எக்ஸ்509_கெட்1_ஓசிஎஸ்பி', அடையாளம் உருவாக்க 'ஓசிஎஸ்பி_சர்ட்_டு_ஐடி', அதைக் கேள்வியில் சேர்க்க 'ஓசிஎஸ்பி_ரிக்வெஸ்ட்_ஆட்0_ஐடி'. இந்தப் பெயர்களுக்கு நடுவில் வரும் 0, 1 எண்களை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போவார்கள், நின்று படிக்க வேண்டிய இடமே அதுதான். ஆட்0 என்றால் நீ கொடுத்த பொருளின் உரிமை கேள்விக்குப் போய்விட்டது, கேள்வியை விடுவிக்கும்போது அதுவும் போய்விடும், நீ தனியாக விடுவிக்கக் கூடாது. ஆட்1 என்றால் பிரதி எடுத்துக்கொண்டது, உன்னுடையதை நீதான் விடுவிக்க வேண்டும். கெட்0, கெட்1 என்பதும் இதே கணக்கு. நமக்கோ அந்த அடையாளம் மறுபடி தேவை, பதில் வந்த பிறகு அதை வைத்துத்தான் நம் சான்றிதழுக்கான வரியைத் தேட வேண்டும். அதனால் சேர்ப்பதற்கு முன்பே 'ஓசிஎஸ்பி_சர்ட்ஐடி_டப்' போட்டு ஒரு பிரதியை வைத்துக்கொள்வது நல்லது. பிரதி இல்லாமல் எழுதிய முதல் வடிவம் மேசைக் கணினியில் ஓடியது, பையில் ஏற்றியதும் அவ்வப்போது சாய்ந்தது. வால்கிரைண்ட் என்ற நினைவகப் பிழை காட்டும் கருவியைப் போட்டதும் ஒரே நினைவகம் இரண்டு முறை விடுவிக்கப்படுகிறது என்று வரி எண்ணோடு காட்டிவிட்டது. இந்த நூலகத்தைத் தொடுகிற யாரும் வால்கிரைண்ட் இல்லாமல் நிரலை வெளியே விட வேண்டாம்.

அனுப்பும் பகுதிதான் அதிக நேரம் தின்றது. ஓபன்எஸ்எஸ்எல்-இல் 'ஓசிஎஸ்பி_சென்ட்ரெக்_பயோ' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, ஒரே வரியில் கேட்டுவிட்டுப் பதிலைத் தந்துவிடும். பழைய உதாரணங்கள் நிறைய இதைத்தான் காட்டும். இது எச்டிடிபி 1.0-இல், ஹோஸ்ட் ஹெட்டர் இல்லாமல் கேட்கிறது. இன்றைக்குச் சான்றிதழ் நிறுவனங்களின் பதில் சர்வர்கள் பெரும்பாலும் சிடிஎன் (பல தளங்களுக்குப் பொதுவாக நடுவில் நின்று பதில் தரும் சர்வர் வலை) பின்னால் நிற்கின்றன. ஹோஸ்ட் சொல்லாவிட்டால் எந்தத் தளத்துக்கான கேள்வி என்று சிடிஎன்னுக்குத் தெரியாது, பிழைப் பக்கம் ஒன்றைத் திருப்பித் தரும். காலக்கெடுவும் அதில் கிடையாது, எதிர்முனை பேசாமல் இருந்தால் நம் நிரலும் அங்கேயே தொங்கும். ஓபன்எஸ்எஸ்எல் ஆவணமே புதிய நிரல்களில் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. அதைத் தூக்கிவிட்டு லிப்கர்ல் என்ற எச்டிடிபி நூலகத்துக்குப் போனேன். கேள்வியை டெர் வடிவத்தில் பைட்டுகளாக மாற்ற 'ஐ2டி_ஓசிஎஸ்பி_ரிக்வெஸ்ட்', கன்டென்ட் டைப் 'அப்ளிகேஷன்/ஓசிஎஸ்பி-ரிக்வெஸ்ட்', போஸ்ட் செய்ய வேண்டியது, வந்த பைட்டுகளை 'டி2ஐ_ஓசிஎஸ்பி_ரெஸ்பான்ஸ்' வழியாகத் திரும்பப் பிரிக்க வேண்டியது. கேள்வி மிகச் சின்னது. இணைய 2 நொடி, மொத்தம் 4 நொடி என்று கெடு வைத்தேன். இங்கிருந்து பதில் வழக்கமாக அரை நொடிக்குள் வந்துவிடுகிறது, ஆனாலும் தீவுக்குள் வருவதும் போவதும் கடலடிக் கேபிள் என்பதால் 1 நொடிக் கெடு போட்டால் மாலை நெரிசலில் வீணாகத் தவறும்.

மேசையில் எல்லாம் சரி, அலுவலகத்தில் வைத்தால் ஒரு பதிலும் வரவில்லை. அங்கே ஃபயர்வால் வெளியே போகும் 80-ஆம் போர்ட்டை (எச்டிடிபி போகும் வழி) அடைத்திருந்தது. நெட்வொர்க் பார்க்கும் தம்பி, கோயம்புத்தூரிலிருந்து எபேனுக்கு வேலைக்கு வந்தவர், "அண்ணா, பாதுகாப்புக்காக ஒன்று செய்கிறீர்கள், அதைப் போய் வெறும் எச்டிடிபி-யில் கேட்கிறீர்களே, எச்டிடிபிஎஸ் போட்டுவிடலாமே?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் எச்டிடிபிஎஸ் வழியாகக் கேட்டால் அந்தப் பதில் சர்வரின் சான்றிதழ் ரத்தாகியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், அதற்கு இன்னொரு சர்வர், சுற்றிக்கொண்டே இருக்கலாம். பதிலில் சான்றிதழ் நிறுவனத்தின் கையொப்பம் இருப்பதால்தான் வெறும் எச்டிடிபி போதுமானதாகிறது. இதைச் சொன்னதும் அவர் பையின் ஐபி-க்கு மட்டும், குறிப்பிட்ட சில முகவரிகளுக்கு மட்டும் 80-ஐத் திறந்துகொடுத்தார்.

அப்படியென்றால் அந்தக் கையொப்பத்தைச் சோதிக்காத ஓசிஎஸ்பி நிரலுக்கு மதிப்பே இல்லை. நடுவில் நிற்கும் எவனும் 'நல்லது' என்று எழுதி அனுப்பிவிடலாம். 'ஓசிஎஸ்பி_ரெஸ்பான்ஸ்_ஸ்டேட்டஸ்' 0 தந்தால் வெற்றி என்று நிறுத்திவிடும் உதாரண நிரல்களைப் பார்த்தேன், அது பயமாக இருக்கிறது. அந்த 0 சொல்வது உறைக்குள் ஒரு பதில் இருக்கிறது என்பதை மட்டும்தான், சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தையும் அதில் இல்லை. உறையைப் பிரித்து உள்பகுதியை எடுத்து, 'ஓசிஎஸ்பி_பேசிக்_வெரிஃபை' ஓட்ட வேண்டும். அதற்கு இன்டர்மீடியட்டை ஒரு அடுக்கில் போட்டுக் கொடுக்க வேண்டும். சில நிறுவனங்கள் இன்டர்மீடியட் கீயாலேயே பதிலில் கையொப்பமிட்டு, அந்தச் சான்றிதழைப் பதிலோடு இணைப்பதில்லை. அப்போது கையொப்பமிட்டவர் யாரென்றே தெரியவில்லை என்று பிழை வரும்.

இந்த ஃபங்ஷனின் திருப்பு மதிப்பை இரண்டு முறை படியுங்கள். வெற்றி 1, சோதனை தோற்றால் 0, வேறு கடுமையான பிழை என்றால் -1. சி-யில் கை பழக்கத்தில் 'பூஜ்யம் இல்லையென்றால் சரி' என்று எழுதினால் -1 வெற்றியாகிவிடும். இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2009 ஜனவரியில் வெளியான சிவிஇ-2008-5077 என்ற பாதுகாப்புக் குறைபாடு இதே வகைத் தவறுதான், ஓபன்எஸ்எஸ்எல்-க்குள்ளேயே கையொப்பம் பார்க்கும் ஃபங்ஷனின் -1-ஐச் சரியாகக் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். 'சரியாக 1-க்குச் சமமா' என்று மட்டும் கேளுங்கள். கூடவே, சோதனை தொந்தரவாக இருக்கிறது என்று 'நோசெக்ஸ்' கொடியைப் போடாதீர்கள். 3.0 வரிசையில் 3.0.3-க்கு முன்பு, அந்தக் கொடி இருந்தால் கையொப்பமிட்டவரின் சான்றிதழ் தேறாவிட்டாலும் வெற்றி என்று வந்துகொண்டிருந்தது. சிவிஇ-2022-1343, திருத்திவிட்டார்கள், ஆனால் அந்தக் கொடியே நமக்கு வேண்டாம்.

அப்புறம் நான்ஸ். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புது எண்ணைச் சேர்த்து, பதிலிலும் அதே எண் வருகிறதா என்று பார்த்தால் பழைய பதிலை யாரும் மறுபடி ஓட்ட முடியாது. பெரிய நிறுவனங்கள் பதில்களை முன்கூட்டியே கையொப்பமிட்டு சிடிஎன்னில் வைத்துவிடுவதால் நம் எண் திரும்பி வராது, 'ஓசிஎஸ்பி_செக்_நான்ஸ்' -1 தரும். அதைப் பிழையாக எடுத்தால் பாதி உலகத்தோடு பேச முடியாது. நான் 0-ஐ மட்டும் (இரண்டும் இருந்தும் பொருந்தவில்லை) தோல்வி என்று வைத்தேன். மற்றதைக் காலம் பார்த்துக்கொள்ளும். பதிலில் இரண்டு நேரங்கள் இருக்கும், இது எப்போதைய நிலவரம், அடுத்தது எப்போது. 'ஓசிஎஸ்பி_செக்_வேலிடிட்டி' அவற்றைச் சரிபார்க்கும், 300 நொடி விட்டுக்கொடுத்தேன்.

கடைசியாக 'ஓசிஎஸ்பி_ரெஸ்ப்_ஃபைண்ட்_ஸ்டேட்டஸ்'. இது 1 திருப்பினால் உன் சான்றிதழுக்கான வரி கிடைத்தது என்று அர்த்தம். நிலவரம் தனி மாறியில் வரும், அதில் 0 நல்லது, 1 ரத்து, 2 தெரியாது. ஒரு 1 சந்தோஷம், இன்னொரு 1 ஆபத்து. எண்களை நேரடியாக எழுதாமல் தலைப்புக் கோப்பில் இருக்கும் பெயர்களையே எழுதிவிட்டேன்.

இதையெல்லாம் சோதிக்க நிஜ நிறுவனங்களை நம்ப முடியாது, நாம் நினைக்கும் தவறை அவர்கள் செய்து காட்ட மாட்டார்கள். மேசையிலேயே ஒரு குட்டி சான்றிதழ் நிறுவனம் அமைத்தேன். ஓபன்எஸ்எஸ்எல்-இன் சிஏ கட்டளையால் சான்றிதழ்கள் கொடுத்து, ஒன்றை ரத்து செய்து, அதே ஓசிஎஸ்பி கருவியை 8888 போர்ட்டில் பதில் சர்வராக ஓட்டலாம். நிமிடக் கணக்கில் காலாவதியாகும் பதிலையும் தரச் சொல்லலாம். நல்லது, ரத்து, கேள்விப்படாத எண், பழைய பதில் எல்லாம் இதிலேயே ஆயிற்று. கையொப்பத்தில் ஒரு பைட்டை மாற்றிய பதில், பதில் வர வேண்டிய இடத்தில் எச்டிஎம்எல் பக்கம், மூடிய போர்ட் ஆகியவற்றுக்கு மட்டும் பைதானில் சின்னதாக ஒரு பொய்ச் சர்வர். இந்த எச்டிஎம்எல் சோதனை அவசியம். ஹோட்டல் வைஃபை போல லாகின் பக்கத்தை 200 என்று திருப்பும் நெட்வொர்க்குகள் உண்டு.

பையில் வைத்த பிறகு வந்த வினோதம் கடிகாரம். கரண்ட் போய் வந்ததும் சில நிமிடங்கள் எல்லாச் சான்றிதழுக்கும் 'பதில் இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று வந்தது. ராஸ்ப்பெரி பை 4-க்கு பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது, அணைந்தபோது இருந்த நேரத்திலிருந்தே எழும்பும், இணையத்திலிருந்து என்டிபி வழியாக நேரம் கிடைத்த பிறகுதான் சரியாகும். அதுவரை அதன் பார்வையில் புதுப் பதில்கள் எல்லாம் எதிர்காலத்தில் கையொப்பமானவை. டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்று, சிஆர்2032 பேட்டரியோடு, எனக்குக் கிட்டத்தட்ட 400 ரூபாய் ஆனது (நம் மொரீஷியஸ் ரூபாய்). ஐ2சி பின்களில் சொருகி, பூட் கான்ஃபிக் கோப்பில் ஒரு ஓவர்லே வரி, பிறகு எச்டபிள்யூக்ளாக் கட்டளையால் நேரத்தை எழுதினால் முடிந்தது. இந்த வேலை முழுவதிலும் பணம் கொடுத்து வாங்கியது இது ஒன்றுதான்.

நேரத்தில் இன்னொரு கோணல். பதில்களைச் சேமித்துவைக்கும் கோப்பில் அடுத்த புதுப்பிப்பு நேரத்தையும் எழுதி, திரும்பப் படிக்க 'எம்கேடைம்' போட்டிருந்தேன். பதிலில் இருப்பது ஜிஎம்டி, எம்கேடைம் அதை உள்ளூர் நேரமாக எடுக்கும். நாம் ஜிஎம்டி-க்கு 4 மணி முன்னால் இருப்பதால், சேமித்தது எல்லாம் 4 மணி நேரம் முன்பாகவே காலாவதியாகிக்கொண்டிருந்தது. இங்கே அதன் விலை கொஞ்சம் கூடுதல் கேள்விகள்தான். ஜிஎம்டி-க்குப் பின்னால் இருக்கும் ஊரில் இதே வரி பழைய பதிலை மணிக்கணக்கில் புதியது என்று நம்பியிருக்கும். 'டைம்ஜிஎம்' என்று மாற்றினேன்.

எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு கூட்டாளி இலவசச் சான்றிதழ் நிறுவனமான லெட்ஸ் என்க்ரிப்ட்டின் சான்றிதழுக்கு மாறினார். முகவரி எடுக்கும் ஃபங்ஷன் வெறுமையைத் திருப்பியது. நிரல் சரிதான், சான்றிதழில் முகவரியே இல்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 மே 7 முதல் ஓசிஎஸ்பி முகவரி இல்லாமலே சான்றிதழ் தருகிறது, ஆகஸ்ட் 6 அன்று பதில் சர்வர்களையும் நிறுத்திவிட்டது. யார் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது ஓசிஎஸ்பி கேள்வியிலேயே சான்றிதழ் நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுகிறது என்பதை முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். நியாயம்தான். நிறுவனங்களுக்கும் உலாவிகளுக்கும் பொதுவான சிஏ/பிரவுசர் ஃபோரம் விதிகளிலும் 2024 மார்ச் முதல் ஓசிஎஸ்பி கட்டாயம் இல்லை, ரத்துப் பட்டியலான சிஆர்எல்தான் கட்டாயம்.

அதனால் இரண்டாவது வழியும் எழுத வேண்டியதாயிற்று. சான்றிதழில் இருக்கும் சிஆர்எல் முகவரியிலிருந்து பட்டியலை இறக்கி, அதை நானே வரிவரியாகத் தேடாமல், சான்றிதழ் சங்கிலி சோதனையிலேயே 'சிஆர்எல்_செக்' கொடியைப் போட்டுப் பட்டியலை ஓபன்எஸ்எஸ்எல் கையில் கொடுத்துவிட்டேன். கையொப்பம், காலம், இந்தப் பட்டியல் இந்தச் சான்றிதழுக்கு உரியதுதானா என்ற பொருத்தம், மூன்றையும் அதுவே பார்க்கும். பட்டியல் அதன் காலம் முடியும்வரை அது உள்ளடக்கும் எல்லாச் சான்றிதழுக்கும் பயன்படுவதால், ஓசிஎஸ்பி-யைவிட இது நிம்மதியாகவே இருக்கிறது.

இப்போது மாமாவோடு பேச வேண்டிய விஷயம் ஒன்று மிச்சமிருந்தது. பதிலே வராவிட்டால்? உலாவிகள் பல வருடம் பதில் இல்லையென்றால் விட்டுவிடு என்றுதான் இருந்தன. கேள்வியைத் தடுக்க முடிந்தவனுக்கு அந்தச் சோதனை ஒரு தடையே இல்லை என்பதால்தான் கூகுள் குரோம் 2012-ல் வழக்கமான ஆன்லைன் சோதனையையே எடுத்துவிட்டது. மறுபக்கம், பதில் இல்லையென்றால் நிறுத்து என்று வைத்தால், 2024 ஜனவரியில் பெலால் புயலில் போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் ஓடியதே, அப்படி ஒரு நாளில் அவசர மருந்துச் சரக்கின் காகிதமும் நின்றுபோகும். மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியாததைத் தெரியும் என்று பெட்டி சொல்லக் கூடாது. என்னைக் கூப்பிடட்டும், நான் முடிவு செய்கிறேன்" என்றார்.

அந்த ஒரு பேச்சால் ஃபங்ஷனின் உருவமே மாறியது. ஆம், இல்லை என்று இரண்டே விடை திருப்பிக்கொண்டிருந்தது, இப்போது நான்கு: நல்லது, ரத்து, அவர்களுக்குத் தெரியாது, நம்மால் கேட்க முடியவில்லை. நல்லது என்றால் போகட்டும். ரத்தும் தெரியாதும் உடனே அறுபடும். கேட்க முடியவில்லை என்றால் சேமித்துவைத்த பதிலோ பட்டியலோ காலத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் அதன்படி நடக்கும். இல்லையென்றால் கோப்பு வரிசையில் நிற்கும், மாமாவின் கைபேசிக்குச் செய்தி போகும், அவர் அனுமதித்தால் யார், எப்போது அனுமதித்தார் என்ற வரியோடு போகும். என்னைக் கேட்டால் இந்த மாதிரி நிரலில் பூலியன் திருப்பும் ஃபங்ஷனையே எழுதக் கூடாது.

மறுபடி தொடங்கினால் சிஆர்எல் வழியை முதலில் எழுதுவேன், ஓசிஎஸ்பி-யை முகவரி இருக்கிற சான்றிதழ்களுக்கு மட்டும் பின்னால் சேர்ப்பேன். பொய்ச் சர்வரை முதல் நாளே அமைப்பேன், லிப்கர்லையும் அப்படியே. அடுத்து செய்ய இருப்பது ஸ்டேப்ளிங்: எதிர்முனை சர்வரே தன் ஓசிஎஸ்பி பதிலை டிஎல்எஸ் கைகுலுக்கலில் சேர்த்து அனுப்பினால் நாம் வெளியே போய்க் கேட்கவே வேண்டாம், 80-ஆம் போர்ட்டும் வேண்டாம். டர்பன் சர்வர் அதை ஏற்கெனவே அனுப்புகிறது என்று ஓபன்எஸ்எஸ்எல்-இன் எஸ்_கிளையன்ட் கட்டளையில் ஸ்டேட்டஸ் கொடியைப் போட்டுப் பார்த்தபோது தெரிந்தது. சரிபார்க்கும் ஃபங்ஷன் தயாராக இருப்பதால் வரும் பதிலை அதற்குள் தள்ளிவிட்டால் போதும்.